மேல்காட்டுக் காற்று

ஏப்ரல் 16, புதன்

விதைக்கடையில் மக்காச்சோள விதை வாங்கியதற்கு இந்த டைரியைச் சும்மா கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறது. எனக்குப் புத்தி சொல்ல ஊரிலேயே ஆள் நிறைய இருப்பதால் அதன்மேலேயே எழுதப்போகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நல்ல கோடை மழை. மண்வெட்டியால் கொத்திப் பார்த்தேன். ஒரு சாணுக்குமேல் ஈரம் இறங்கியிருக்கிறது.

முதல் பக்கம் என்பதால் சங்கதியை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். அப்பாவின் மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டில் கிழக்கே ஒன்றரை ஏக்கர் என் பங்கு. மேற்கே ஒன்றரை அண்ணன் நாச்சிமுத்துவுக்கு. எங்கள் பக்கம் பெண்கள் பங்கு கேட்பதில்லை. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறந்த வீட்டுச் சீர் வரும் என்ற தெம்போடு இருந்துவிடுவார்கள். நான் கேட்டேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் நின்றே செக்கிங் பார்த்து மூட்டு தேய்ந்தபிறகு, வீட்டுக்காரரும் போய்ச்சேர்ந்தபிறகு, சொந்தக்காரர்கள் கூடிய சபையில் கேட்டேன். அண்ணனும் கொடுத்தார். அன்றோடு பேச்சு நின்றது. பதினாலு மாதம் ஆகிறது.

பங்கு பிரித்து எல்லைக்கல் நட்ட அன்று சொந்தக்காரர் ஒருவர், "பனியன்ல பிசிறு வெட்டறவளுக்கு வெள்ளாமை என்னத்தத் தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மொத வெள்ளாமைல பதினஞ்சு மூட்டை எடுக்கலீன்னா கையெழுத்துப் போட்டுட்டுத் திருப்பூருக்கே போயர்றேன்" என்று சொல்லிவிட்டேன். விடுதலைப் பத்திரம் எழுதி அண்ணன் வீட்டு பீரோவில் தயாராக இருக்கிறது. போன கோடையிலும் புரட்டாசியிலும் விதைக்க மழையே இல்லை. ஆகவே இதுதான் என் முதல் வெள்ளாமை.

இனி இந்த டைரியில் அவரை அண்ணன் என்று எழுதப்போவதில்லை. மேல்காட்டுக்காரர். அவ்வளவுதான்.

ஏப்ரல் 17, வியாழன்

விதைத்தாயிற்று!

ஊருக்கு ஒரே விதைப்பு மிசின். மௌனசாமியின் டிராக்டர். மழை பெய்தால் ஈரம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், அதற்குள் மிசின் யார் காட்டுக்கு முதலில் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரிசை மேற்கேயிருந்து தொடங்கும் என்பது ஊர் வழக்கம். புதிதாக வந்தவள் என்பதால் என் முறை கடைசியில்தான் இருந்தது. நேற்று மட்டும் மௌனசாமிக்குப் பதினோரு தடவை போன் அடித்தேன். காலை ஆறு மணிக்கு வண்டி என் காட்டில் நிற்கிறது. கேட்டால் கிடைக்கும். கேட்கத்தான் எங்கள் பெண்களுக்கு வாய் வருவதில்லை.

மௌனசாமி என்று பெயர் வைத்தவர்களைப் பார்க்கவேண்டும். விதைத்து முடிக்கும்வரை அவன் வாய் ஓயவில்லை. ஆனால் "எப்படிப்பா எனக்கு முதலில் வந்தாய்" என்றதற்கு மட்டும் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மிசின் சுற்றி வருவதற்குள் மேல்காட்டில் ஈரம் காய்ந்துவிட்டது. அவர் விதைக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அரைநாள் இருந்தது.

ஏப்ரல் 23, புதன்

முளைத்துவிட்டது. மயில்கள் வந்துவிட்டன. முளையைக் கொத்திக்கொண்டு என்னைப் பார்த்துத் தோகையை வேறு விரிக்கின்றன. தட்டும் கரண்டியும் வைத்துக்கொண்டு வரப்பில் நடப்பதுதான் இன்றைய வேலை. கேஸ் தீர்ந்துவிட்டது, விறகில் ரசம் வைத்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

இரண்டாம் மழை. மேல்காட்டில் இன்று விதைப்பு. எனக்கும் அவருக்கும் பதினோரு நாள் வித்தியாசம். அவர் போடுவது வழக்கமான செம்மஞ்சள் ரகம். என்னுடையது புதுசு, மணி வெளிர் மஞ்சளாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார்.

அவர் நாய் டைகர் மட்டும் பாகப்பிரிவினையை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு காட்டிலும் தூங்குகிறது.

மே 7, புதன்

அக்கினி தொடங்கி மூன்று நாள். குருத்துக்குள் படைப்புழு. ஒவ்வொரு குருத்தாக விரித்துப் பார்த்து, இருந்தால் நசுக்கி, வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன். இதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஒரு நாளைக்கு ஆயிரம் பனியனில் ஓட்டை தேடிய கண்.

மே 14, புதன்

நேற்று ஒரு மழை. பயிர் முழங்காலைத் தாண்டிவிட்டது. பச்சை என்றால் அப்படியொரு பச்சை. கோயமுத்தூரில் நர்சாக இருக்கும் மகள் கார்த்திகாவுக்கு போட்டோ அனுப்பினேன். "மாமாவுக்குக் காட்டினாயா?" என்று கேட்கிறாள். போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

மழை பெய்து மூன்று வாரம். அக்கினி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. வழக்கமாக இந்நேரம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வந்து ஆளைத் தள்ளவேண்டும், வெக்கையும் கூடவே போய்விடும். காட்டிலிருந்து பார்த்தால் இருபத்துமூன்று காற்றாலைகள் தெரிகின்றன. ஒன்றுகூடச் சுற்றவில்லை.

மதியம் இலைகள் சுருண்டு கூம்பாக நிற்கின்றன. சாயங்காலம் விரிந்துவிடுகின்றன. விரியும்வரை நான் வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை இல்லாமல் இல்லை, துவைக்கிற துணி அப்படியே கிடக்கிறது.

ஜூன் 7, சனி

காலை ஒன்பது மணிக்கே சுருண்டுவிட்டது.

ஜூன் 9, திங்கள்

கொண்டைப் பூ வந்துவிட்டது! இந்த வெயிலிலும் உச்சியில் பூவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தட்டினால் மஞ்சள் தூள் பறக்கிறது. கையில் பிடித்துப் பார்த்தேன், கோலமாவைவிட நைசு. பதினைந்து மூட்டை என்ன, இருபத்தைந்து வரும். சந்தோஷத்தில் பாயசம் வைத்தேன். ஒருத்திக்கு எவ்வளவு பாயசம் வேண்டும் என்ற கணக்கு இன்னும் வரவில்லை. மிச்சத்தை டைகர் குடித்தது.

ஜூன் 14, சனி

வேளாண்மை ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தது. கார்த்திகா வயதுதான் இருக்கும். வெயிலில் முகம் சிவந்து நின்றது, மோர் கொடுத்தேன். காட்டுக்குள் போய் இரண்டு செடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, முடி எங்க?" என்று கேட்டது.

அது விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். உச்சியில் இருக்கும் கொண்டைப் பூ ஆண். இடுப்பில் வரும் கதிரின் நுனியில் பட்டுப்போல நீண்டு வருகிற முடி, பெண். ஒரு முடிக்கு ஒரு மணி. மேலேயிருந்து தூள் உதிர்ந்து முடியில் விழுந்தால்தான் அந்த முடிக்கான மணி பிடிக்கும். இரண்டும் சேர்ந்தாற்போல வரவேண்டும். ஆனால் மண் காய்ந்தால் செடி கொண்டைப் பூவை நேரத்துக்குத் தள்ளிவிடும், முடியை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும். தூள் உயிரோடு இருப்பதும் கொஞ்ச நேரம்தான். இந்த வெயிலில் அதுவும் இல்லை.

"உங்க பூவு முடியப்போகுதுங்கக்கா. முடி வர இன்னும் நாலஞ்சு நாள் ஆகும்."

"வந்தா?"

"தூள் இருக்காதுங்களே."

நான் பாயசம் வைத்தேனே என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

கொண்டைப் பூக்கள் வெளுத்துவிட்டன. தட்டினால் ஒன்றும் இல்லை. பயிரைப் பார்க்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆள் உயரம், அழகு. உள்ளே ஒரு மணி பிடிக்காத சக்கையைத்தான் நான் அறுக்கப்போகிறேன் என்பது எனக்கும் அந்தப் பெண்ணுக்கும்தான் தெரியும்.

திருப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை எடுத்துத் துடைத்தேன். தூசி அதிகமாக இருந்தது, அதனால்தான்.

ஜூன் 18, புதன்

முடி வந்துவிட்டது. இளம்பச்சையில், ஈரமாக, பிறந்த பிள்ளையின் தலைமாதிரி. வராமல் இருந்திருந்தாலாவது மனசு ஆறும். இப்படிக் காத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கத்தான் முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை. டைகர் பார்த்தது.

ஜூன் 19, வியாழன்

காலையில் எட்டு மணிக்கு வரப்பில் நின்றபோது தேனீ சத்தம் கேட்டது. மேல்காட்டிலிருந்து. பதினோரு நாள் பின்னால் விதைத்த காடு. அங்கே இப்போதுதான் கொண்டைப் பூ வெடித்திருக்கிறது. மஞ்சள் தூளாகக் கொட்டுகிறது.

ஆபீஸ் பெண்ணுக்குப் போன் போட்டேன். அதுவே கத்திவிட்டது. "கெடச்சா விட்றாதீங்கக்கா! காலைல பனி காஞ்சதும் உலுக்கி எடுங்க, அரைமணி நேரத்துல உங்க முடில தூவிருங்க." காற்று இருந்தால் தானாகவே வந்து விழுமாம். காற்றாலைகளைப் பார்த்தேன். இருபத்துமூன்றும் அசையாமல் நிற்கின்றன.

அவரைக் கேட்கவேண்டும். கேட்கத்தான் எங்கள் பெண்களுக்கு வாய் வருவதில்லை என்று ஏப்ரலில் யாரோ பெரிதாக எழுதியிருக்கிறார்கள். பத்து மணிவரை வரப்பிலேயே நின்றேன். வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன். என் காடு பொய்த்தால் அவருக்கு ஒன்றரை ஏக்கர் திரும்பி வருகிறது. அவரிடம் போய் அதைக் காப்பாற்றிக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது?

ஜூன் 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழரை மணிக்குப் போய் வரப்பில் நின்றேன். கையில் முறம். இரண்டு காட்டுக்கும் நடுவில் டைகர் படுத்திருந்தது. மேல்காட்டுக்காரர் வந்தார், தலையில் துண்டு. என்னைப் பார்க்கவில்லை. என் காட்டைப் பார்த்தார். ஒரு கதிரை எட்டிப் பிடித்து முடியைத் தடவினார். கொண்டையைத் தட்டிப் பார்த்தார். அவருக்கு ஆபீஸ் பெண் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பிறகு நாயிடம் சொன்னார்:

"ஏ டைகரு. நம்ம காட்டுல பூவு சும்மா கொட்டிப்போகுது. வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கட்டும்னு சொல்லு."

டைகர் வாலை ஆட்டியது. நானும் டைகரிடமே சொன்னேன். "எடுத்தா அவங்களுக்குக் கொறையாதான்னு கேளு."

"ஒரு கொண்டைல கோடிக்கணக்குல இருக்குதாம். நம்முளுக்கு வேணுங்கறது போவ மிச்சந்தான்னு சொல்லு."

"சும்மா எடுத்துக்கிட்டா நாளைக்கு சபைல பேச்சு வருமான்னு கேளு."

அவர் துண்டை அவிழ்த்து, நான்கு கொண்டைகளைச் சேர்த்து வளைத்து, துண்டுக்குள் உலுக்கினார். வெள்ளைத் துண்டில் மஞ்சளாகக் கொட்டியது. அதை மடித்து வரப்பின் மேல் வைத்துவிட்டு அடுத்த சால் வரிசைக்குப் போனார். நேரம் போகிறது, எடு என்று அர்த்தம்.

எடுத்தேன். கையால் தூவினால் பாதி தரையில் விழுந்தது. அப்போதுதான் பனியன் துணி ஞாபகம் வந்தது. வெட்டுக்கழிவில் மெல்லிசுத் துணி ஒரு கட்டு வீட்டில் வைத்திருந்தேன், எடுத்துவந்தேன். சின்னச் சின்னப் பையாக முடிந்து, உள்ளே தூளைப் போட்டு, முடிக்குமேல் விரலால் தட்டினேன். துளித்துளியாக, அளவாக, முடியில் மட்டும் விழுந்தது. பதினெட்டு வருடம் வீண்போகவில்லை.

அரைமணி கழித்து நங்கை வசந்தாமணி வந்தாள், அவர் மனைவி. அவளும் என்னிடம் பேச்சில்லாதவள்தான். என் கையிலிருந்து ஒரு பையை வாங்கி, கொஞ்சநேரம் நான் செய்வதைப் பார்த்துவிட்டு, அடுத்த சாலில் தட்ட ஆரம்பித்தாள். பத்து மணிவரை அவர் உலுக்கினார், நாங்கள் இரண்டு பேரும் தட்டினோம். போகும்போது நங்கை சொன்னாள்: "நாளைக்கு நாலு பை சேத்தித் தெச்சுட்டு வாங்க."

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாம் நாள். தினமும் எட்டிலிருந்து பத்து. கிழக்குக் கோடிவரை கை எட்டாது என்று தெரிந்துவிட்டது. எட்டியவரை. என் முட்டியைப் பார்த்துவிட்டு நங்கை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். "இது எங்க ஊட்டுல சும்மாதான் கெடக்குது" என்றாள். பதினாறு மாதத்தில் எங்கள் இரண்டு வீட்டிலும் எத்தனையோ சும்மாதான் கிடந்திருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொடியில் இருந்த துண்டு பறந்தது. திரும்பிப் பார்த்தேன். காற்றாலைகள் சுற்றுகின்றன. இருபத்துமூன்றும்.

ஓடினேன். மூட்டுவலிக்காரி ஓடினேன். மேல்காட்டிலிருந்து காற்று நேராக என் காட்டுக்குள் அடிக்கிறது. வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் மஞ்சள் புகைபோலத் தெரிகிறது. அவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"டைகரு, இனி கை வேண்டாம். காத்து பாத்துக்கும்னு சொல்லு," என்றார்.

டைகர் அங்கே இல்லவே இல்லை. எங்கேயோ மயில் துரத்தப் போயிருந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூன் 26, வியாழன்

தூறல். ராத்திரியும் தூறல். நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். நங்கை கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்தாள். ஒரு கதிரை உரித்துப் பார்த்தோம். அடியில் கொஞ்சம் பொக்கை, முதலில் வந்த முடிக்குத் தூள் கிடைக்காத இடம். அதற்குமேல் நிறைய மணி. நங்கை சிரித்தாள். பிறகு சொன்னாள்: "பங்கு கேட்டதுக்காக அவருக்குக் கோவமில்லீங்க. சபைல வெச்சுக் கேட்டீங்கல்ல. ஊட்டுக்கு வந்து கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்னு சொல்லிச் சொல்லி ஒரு வருசம் சோறு எறங்கல."

வீட்டுக்குப் போய்க் கேட்டால் கொடுக்கமாட்டார் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாக இருந்தேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரை வீட்டில் வைத்து நான் கேட்டே பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அறுவடை. மௌனசாமி கதிரடிக்கும் மிசினோடு வந்தான். கிழக்குக் கோடியில் பாதிக்கு மேல் சக்கை. மேற்கே போகப்போக நிறைந்த கதிர். களத்தில் மூட்டை கட்டக் கட்ட நான் எண்ணவில்லை. திரும்பி நின்றுகொண்டேன். நங்கைதான் எண்ணினாள்.

பதினேழு.

இருபத்தைந்து இல்லை. பதினைந்துக்குமேல் இரண்டு.

கோழித்தீவன வியாபாரி கையில் மணியை அள்ளிப் பார்த்துவிட்டு, "இது என்ன ரகமுங்க? வெளுப்பாவும் இருக்குது, நடுவால செவப்பேறியும் இருக்குது. ரெண்டு விதையக் கலந்துட்டீங்களா?" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். ஒரே கதிரில் என் வெளிர் மஞ்சள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஒரு படி கூடுதலாகச் சிவந்திருந்தது. மேல்காட்டுத் தூள் விழுந்த மணிகள். எந்த மணி யாரால் பிடித்தது என்று கதிரே காட்டிக்கொண்டிருந்தது.

"வெதை ஒண்ணுதானுங்க. எங்கண்ணங் காட்டுக் காத்துங்க அது," என்றேன்.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மேல்காட்டுக்காரர் நின்றார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. மூட்டையை இறக்கிவைத்தார். பிறகு, "அம்மிணி, சாக்கு ஊசி எங்க?" என்றார். என்னிடம்தான் கேட்டார். டைகர் காலடியிலேயே இருந்தது, அதனிடம் கேட்கவில்லை.

மௌனசாமிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அக்கா, நாலு மாசமா வாயக் கட்டிக்கிட்டு இருக்கறேன், இன்னைக்குச் சொல்லலீன்னா வெடிச்சுருவேன். ஏப்ரல்ல உங்க போனுக்கு நான் வரலீங்க. மொத மொறை அண்ணனுது. வெடியால நாலு மணிக்கு வந்து, எம்பட மொறைய அவளுக்குக் குடு, அவளுத நான் எடுத்துக்கறேன், அவகிட்டச் சொன்னீன்னா வண்டிய நம்ம காட்டுக்குள்ளயே வுடமாட்டேன்னாரு."

அண்ணன் ஊசியைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார். அது அவர் கைக்கு நேராகத்தான் இருந்தது.

முதல் முறையை அவரே வைத்துக்கொண்டிருந்தால் நான்தான் பதினோரு நாள் பிந்தியிருப்பேன். அவர் காடுதான் முடியை நீட்டிக்கொண்டு நின்றிருக்கும். அந்தத் தூள் என் காட்டில் கொட்டியிருந்தாலும் மேற்குக் காற்று அதை அவருக்குக் கொண்டுபோயிருக்காது. இத்தனையும் யோசித்து அவர் செய்திருக்கமாட்டார். தங்கச்சிக்கு ஈரம் தவறக்கூடாது என்று மட்டும் யோசித்திருப்பார். அவர் காடு காய்ந்ததற்கு நான் அரைநாள் சந்தோஷப்பட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கூப்பிடவில்லை, உள்ளேயே போய்விட்டேன். "அண்ணா, கார்த்திகாவுக்கு மாப்பிள்ளை பாக்கோணும்," என்றேன்.  "பாக்கலாம், மொதல்ல காப்பி குடி," என்றார். நங்கை காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். மூன்று பேரும் அப்படியே குடித்தோம்.

பத்திரத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிளம்பும்போது பார்த்தேன். பீரோவுக்குள் சுண்டெலி போகாமல் இருக்க, கதவிடுக்கில் எதையோ நான்காக மடித்துச் செருகியிருந்தார்கள். முத்திரைத்தாள்.

செப்டம்பர் 24, புதன்

இன்று புரட்டாசி மழை. ஒரு சாண் ஈரம்.

இந்தத் தடவை வரிசையில் முதல் முறை எனக்கு என்று அண்ணனே ஊரில் சொல்லிவைத்திருக்கிறார். சாயங்காலம் மௌனசாமிக்குப் போன் போட்டேன். பதினோரு தடவை இல்லை, ஒரே தடவை. காலையில் முதலில் மேல்காட்டுக்கு ஓட்டு, அங்கே முடித்தபிறகு என் காட்டுக்கு வா, அண்ணனிடம் மட்டும் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே என்றேன்.

"சத்தியமாச் சொல்லமாட்டனுங்கக்கா," என்றான்.

போனை வைத்து ஐந்து நிமிடம் இருக்காது. மேல்காட்டு வீட்டு வாசலில் லைட் எரிகிறது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டைகரையும் கூட்டிக்கொண்டு, சண்டை போட வந்துகொண்டிருக்கிறார். காப்பிக்கு அடுப்பு மூட்டப்போகிறேன்.